வெட்டி நீக்கிய மேற்பாதி

அந்த ஆண்டின் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் சோதனைக்கூடத்துக்கு நான் தலைவன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். பிசின்களின் வெப்பக் குணத்தைப் பற்றிப் பேசப் பொறியியல் கல்லூரிகள் என்னை அழைத்துக்கொண்டிருந்தன. மாதிரிகளை எப்படி அறுத்து எப்படிச் சோதிக்க வேண்டும் என்று நான் எழுதிய நான்கு பக்க நடைமுறையை வேறு இரண்டு நிறுவனங்களும் கேட்டு வாங்கிப் பின்பற்றின. அதைத் தொழில் முழுவதற்குமான பொது விதியாக ஏற்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைந்திருந்தது. அதில் உறுப்பினராக அமர எனக்கு அழைப்பும் வந்திருந்தது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு இழப்பதற்கு என்ன இருந்தது என்று தெரியாமல் பின்னால் நடந்ததைப் படித்தால், அது வெறும் கவனக்குறைவாகத் தோன்றும். அது கவனக்குறைவு அல்ல.

நான் நினைவுகூர வந்தது என்னிடம் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்த ஆய்வக உதவியாளரை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் குடியேறிய குடும்பம். கல்லூரியில் இயற்பியல் படித்த பெண். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை. வருகிற ஆவணியில் நிரந்தர ஆணை கைக்கு வர வேண்டியிருந்தது. அதற்குப் பரிந்துரை எழுதியவனும் நானே. அவரை நினைத்தால் முதலில் முகம் வருவதில்லை. பிசினில் வார்த்து இறுகிய வட்ட வில்லையை வாள் குறுக்கே அறுக்கும் ஓசை வருகிறது. அறுத்த இரண்டு பாதிகளையும் அவர் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது வருகிறது. குளிர்ந்து தோன்றும் துண்டு கன்னத்துச் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்கிறது என்று பொருள். கருவி சொல்வதற்கு முன்பே எது நல்ல வார்ப்பு என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தை நான் விரும்பியதில்லை.

எங்கள் நிறுவனம் மீன்பிடிப் படகுகளுக்கான மின்பெட்டிகளைச் செய்தது. எஞ்சினிலிருந்து வரும் மின்சாரத்தைச் சீராக்கி விளக்குக்கும் மீன் தேடும் கருவிக்கும் கொடுக்கும் பெட்டி அது. உப்புநீர் உள்ளே புகாதிருக்க, பாகங்களின் மேல் எப்பாக்ஸிப் பிசினை ஊற்றி இறுகவைப்போம். பிசின் நீரைத் தடுக்கும். ஆனால் கம்பளி போர்த்தியது போல வெப்பத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் அதில் அலுமினாப் பொடியைக் கலப்பது. வெள்ளை மாவு போன்ற அந்தத் துகள்கள் ஒன்றையொன்று தொடும்படி நெருங்கி நின்றால், வெப்பம் துகளுக்குத் துகள் தாவி வெளியேறிவிடும். சூட்டில் பிசின் விரிவதும் குறையும், விரிசல் விடாது. ஆனால் துகள் பிசினைவிடக் கனமானது. ஊற்றிய பிசின் இறுகுவதற்குள் அது மெல்லக் கீழே இறங்கும். நுண்ணிய துகளாக இருந்தால், அது இறங்குவதற்கு முன் பிசின் இறுகிவிடும். பருமனான துகள் அவ்வளவு பொறுக்காது. இதை முதலாண்டு மாணவனும் அறிவான்.

சோதனைக்காக வார்க்கும் வில்லையின் மேல்முகம் குமிழும் குழிவுமாக இருக்கும். அச்சின் அடியைத் தொட்டு இறுகிய கீழ்முகம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும். கருவிக்கு வேண்டியது சமமான முகம். ஆகவே என் நடைமுறையின் ஏழாம் விதி இது: வில்லையை நடுவில் கிடைமட்டமாக அறுத்து, மேற்பாதியை நீக்கி, கீழ்ப்பாதியைச் சோதிக்கவும். நான் அதை எழுதிய காலத்தில் நுண்பொடிதான் வழக்கத்தில் இருந்தது. மேலும் கீழும் வேறுபாடில்லாமல் இருந்தன. அன்று அந்த விதியில் குற்றம் இல்லை.

மாசி மாதத்தில் முதலாளி பொடியை மாற்றினார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து வணிகக் குடும்பத்தவர், ஊழியர்களுக்கு அண்ணாச்சி. புதிய பொடி பருமனானது. எவ்வளவு கலந்தாலும் பிசின் கெட்டிப்படாமல் ஓடியது. அதனால் வேலை விரைந்தது. இன்னும் இளகட்டும் என்று ஊற்றுவதற்கு முன் பிசினைச் சூடாக்கவும் தொடங்கினார்கள். கீழ்ப்பாதிகளைச் சோதித்தோம். வெப்பக் கடத்தல் முன்பைவிடக் கூடியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் கூடியது. முதலாளி என் அறைக்கே வந்துவிட்டார்.

“சார்வாள், பொடிய மாத்துனதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீயளே, இப்பப் பாத்தீயளா? நம்பர் ஏணி வச்சு ஏறுது. ஒங்க கைராசின்னுதான் நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்.”

ஏறிய அந்த எண்ணைக் கண்டு நான் அஞ்சியிருக்க வேண்டும். கலந்த பொடியின் அளவுக்கு அவ்வளவு கடத்தல் வர வழியே இல்லை. போட்டதற்கு மேல் ஒரு பொருள் தருகிறதென்றால், எங்கோ ஒரு பக்கத்தைச் சுரண்டித்தான் தருகிறது. நான் அந்த எண்ணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

உதவியாளர் முதலில் வாய்மொழியாகத்தான் சொன்னார். அறுக்கும் மேசையருகே நான் போனபோது, கையில் இருந்த துண்டைக் கீழே வைக்காமலே பேசினார். “சாரே, ஒரு காரியம் சொல்லட்டா? கோவப்படப்பிடாது. நாம அடியில உள்ளத மட்டும்லா சோதிக்கோம். மேல உள்ள துண்டு கன்னத்துல வச்சா குளிரவே இல்ல. ரசத்துல மண்டிய மட்டும் கரண்டியில எடுத்துப் பாத்துட்டு, பருப்பு நெறைய போட்டிருக்குன்னு சொல்லுகது மாதிரில்லா இருக்கு.”

பக்கத்தில் நின்ற கலவை அறை ஊழியர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கன்னம் ஒரு கருவி ஆகாதும்மா” என்றேன்.

“அதும் சரிதான். அப்போ கருவியிலயே வச்சுப் பாத்துரட்டா?”

“மேற்பாதி சோதனைக்கு உரியதில்லை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். ஆனால் அன்றிலிருந்து மேற்பாதிகளைக் குப்பைக்கூடையில் போடுவதை நிறுத்திவிட்டார். வார்ப்பு எண்ணை ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதி, தம் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தார். எனக்கு அது தெரியும். தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இலையின் முன் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஈயச்சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “தெளிவா விடட்டுமா, கலக்கி விடட்டுமா?” என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளாகக் கேட்கும் கேள்விதான். நான் சொம்பைப் பார்த்தேன். “என்னன்னா இப்படி முழிச்சுண்டு இருக்கேள்? ரசம்தானே கேட்டேன், ஆஸ்தியையா எழுதித் தரச் சொன்னேன்?” என்றாள். கலக்கி விடு என்றேன். மேலே தெளிந்து நின்ற நீர் அசைந்து, அடியிலிருந்த மண்டி மேகம் போல எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மோர் சாதம் வரை உட்காரவில்லை; கையலம்பிவிட்டு எழுந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு பகல், சாப்பாட்டு இடைவேளையில், உதவியாளர் சாலையோரச் சர்பத் கடையிலிருந்து ஒரு பாத்திரத்தில் ஐஸ் கட்டிகள் வாங்கிவந்தார். ஒரே வில்லையின் இரு பாதிகளையும் வெதுவெதுப்பான இரும்புத் தட்டின் மேல் அருகருகே வைத்தார். கலவை அறை ஊழியர் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார்.

“எந்தா அக்கா, ஐஸ் கடை போட்டாச்சா? நமக்கும் ஒரு நன்னாரி சர்பத்து.”

“ஒனக்கு இல்ல மக்கா, சாருக்கு” என்றார் உதவியாளர். பிறகு என்னைப் பார்த்து, “சாரே, ரெண்டு நிமிசம் நில்லுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்” என்றார்.

இரு பாதிகளின் மேலும் ஒவ்வொரு கட்டியை வைத்தார். கீழ்ப்பாதியின் மேலிருந்த கட்டி உடனே வியர்த்து, நழுவி, உருக்குலைந்து நீரானது. மேற்பாதியின் மேலிருந்தது முனை மழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எங்கள் பெட்டிக்குள் மிகுந்த சூடாகும் பாகம் ஒரு கம்பிச் சுருள். அது நிமிர்ந்து நிற்கும். அதன் தலை மேல் அடுக்கில்தான் இருக்கும். இதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. சுருளை அந்த இடத்தில் வைக்கச் சொன்ன என்னிடமே அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். கலவை அறை ஊழியரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இடைவேளை முடிந்துவிட்டது என்றேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்றும் சொன்னேன். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். என் அனுபவம் அது.

அவர் எழுதினார். ஆய்வகத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. நகலும் எடுக்கவில்லை. மேற்பாதிகளை முறைப்படி தேய்த்துச் சமப்படுத்தி, இடைவேளைகளில் கருவியிலேயே சோதித்து, அரைப் பக்கத்தில் முடித்திருந்தார். மேல் அடுக்கின் கடத்தல் ஏறக்குறைய பொடியே சேராத வெறும் பிசினின் கடத்தல்தான் என்பது அதன் சாரம். பெட்டிகளை அனுப்புவதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அதன் கடைசி வரி.

பெட்டிகள் போயின. மழையோடு விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன்காலம் தொடங்கும். அதற்குள் படகுகளில் பொருத்தியாக வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக நின்றார். நான் ஒரு பெட்டியை மட்டும் எடுத்து என் மேசையருகே பகல் முழுவதும் ஓடவிட்டேன். அவ்வப்போது அதன் மூடியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பார்த்தாயா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே பிறக்கும் வெப்பம் மூடிக்கு வராவிட்டால் அது எங்கே தங்குகிறது என்ற கேள்வியை என் மாணவன் எவனாயினும் கேட்டிருப்பான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் என் கண் விழிஞ்ஞம் என்ற சொல்லைத் தேடும். புதிய துறைமுகம், பாறை ஏற்றிவரும் லாரிகள், கரையோர வீடுகள் என்று ஏதாவது இருக்கும். அவை மட்டும்தான் என்று தெரிந்ததும் மடித்து வைத்துவிடுவேன். தொலைபேசி ஒலித்தால் இரண்டாம் ஒலிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. உதவியாளர் வழக்கம் போல அறுத்தார், கீழ்ப்பாதியைச் சோதித்தார், எண்ணை எழுதினார். கன்னத்தில் வைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை விரும்பாத நான், அவர் கை எப்போது கன்னத்துக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, மீனோடு திரும்பிய படகு ஒன்றில், துறைமுக வாயிலுக்கு அருகிலேயே பெட்டி தீப்பிடித்தது. சுருளின் தலைக்கு மேல் பிசின் வெடித்து, விரிசல் வழியே உப்புநீர் இறங்கியிருந்தது. பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறியப் போன படகோட்டிக்கு இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. மற்றவர்கள் தீயை அணைத்துப் படகைக் கரை சேர்த்தார்கள்.

நான் அந்தப் படகோட்டியைப் பார்க்கப் போனேன். நிறுவனத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. விழிஞ்ஞத்தில், கடலைப் பார்த்த ஒரு சிறு வீட்டில், இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. “கம்பெனியில உள்ள சாரா? இருங்க சாரே. பெட்டி நல்ல பெட்டியாக்கும். மேல கை வச்சா பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். அன்னைக்கும் பொகையப் பாத்துட்டு மேல தொட்டுப் பாத்தேன், அப்பவும் பெரிய சூடு இல்ல. அதான் தைரியமாப் பிடிச்சுத் தூக்கினேன். தூக்கினதும் உள்ள இருந்து தீ வந்துட்டு” என்றார். இனி வலை இழுக்க முடியுமா என்று மருத்துவர் சொல்லவில்லையாம். அவர் மனைவி கொடுத்த, பால் சேராத கட்டன்சாயாவை நான் குடித்தேனா என்பது நினைவில் இல்லை.

கருகிய பெட்டி ஆய்வகத்துக்கு வந்தது. உதவியாளர்தான் அதை அறுத்தார். உள்ளே, சாக்பீஸ் போன்ற வெள்ளை அடுக்கு கீழே. தேநீர் நிறத்தில், ஒளி ஊடுருவும் வெறும் பிசின் மேலே. கோடு கிழித்தது போல இடையில் ஓர் எல்லை. சுருளின் தலை அந்தத் தேநீர் நிறத்துக்குள் கறுத்து நின்றது. அவர் அந்த மேல் துண்டை என் பக்கமாக மேசையில் தள்ளி வைத்துவிட்டு, வாளைத் துடைக்கப் போய்விட்டார்.

விசாரணை நடந்தது. முதலாளியும், வெளியிலிருந்து அழைத்த இரு பொறியாளர்களும், நானும். உதவியாளரின் இழுப்பறையிலிருந்து எடுத்த பிஸ்கட் டப்பா மேசையின் நடுவில் இருந்தது. நீக்க வேண்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்ததால் மேலும் கீழும் கலந்துபோய், தவறான துண்டு சோதிக்கப்பட்டு, மோசமான வார்ப்பு தேர்ச்சி பெற்றுவிட்டது என்று அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

“ஏம்மா, வேண்டாத துண்டெல்லாம் அடுக்கி வைக்க இது என்ன பாத்திரக்கடையா?” என்றார் முதலாளி.

“வேண்டாத துண்டு இல்ல அண்ணாச்சி. காரியமே அதுலதான் இருக்கு. நான் எழுதிக் குடுத்திருக்கேன். சாருக்குத் தெரியும். சார்ட்டக் கேளுங்க.” அவர் குரலில் பதற்றம் இல்லை. என்னைக் கேட்டால் முடிந்துவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சார்வாள்?”

குழுவின் முதல் கூட்டம் அடுத்த வாரம் இருந்தது. ஏழாம் விதி அதன் முன் வைக்கப்பட இருந்தது. நான் சொன்னேன்: “நடைமுறைப்படி கீழ்ப்பாதியைத்தான் சோதிக்கணும். மேற்பாதியை வெச்சுக்க அதிலே இடம் இல்லை.” இரண்டும் உண்மையான வாக்கியங்கள்.

உதவியாளர் சற்று நேரம் காத்திருந்தார். மூன்றாவது வாக்கியம் ஒன்று வரும் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, “அவ்வளவுதானா சாரே?” என்று கேட்டார். அவர் எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. ஆவணியில் ஆணை வரவில்லை. நாகர்கோவில் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி எனக்குக் கிடைத்தது. எழுதவில்லை. அந்தக் குழுவில் இரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தேன்.

இப்போது நிறுவனம் ஒரு நினைவு மலர் வெளியிட்டிருக்கிறது. முதலாளியின் மகன் ஒரு பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து, என் கையில் தந்து, காலைத் தொட்டு வணங்கிப் போனார். அதில் என்னைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் என்னிடம் பயின்றவர்கள். என் மேல் மதிப்புள்ளவர்கள். விழிஞ்ஞத்து விபத்தைப் பற்றிய பத்தியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. உதவியாளர் ஒருவர் துண்டுகளை மாற்றிச் சோதித்ததால் அது நேர்ந்தது என்பது ஒன்று. அவர் எழுதியதாகச் சொன்ன குறிப்பு ஆய்வகத் தலைவரை வந்தடையவில்லை என்பது மற்றொன்று. வந்திருந்தால் அவர் ஒரு பெட்டியையும் வெளியே விட்டிருக்க மாட்டார் என்பது மூன்றாவது.

மூன்றும் பிழை. மேற்பாதியை மாற்றிச் சோதித்திருந்தால் எண் இறங்கியிருக்கும். எங்கள் எண் ஏறியது. அவர் ஒரு துண்டையும் மாற்றவில்லை. குறிப்பு ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கையில் தரப்பட்டது. நான் அதை அவர் எதிரிலேயே கடைசி வரி வரை படித்தேன். எனக்குப் புரிந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டிகளை அனுப்ப ஒப்புதல் தந்தேன்.